'ஆமென்' யாருடைய சொல்?

ஜெபம் நீண்டுகொண்டே போகிறது. கண்கள் மூடியிருக்கின்றன, மனம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வருகிறது. ஜெபிக்கிறவரின் குரல் தாழ்ந்து, "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே" என்று முடியும்போது, யாரும் சொல்லாமலே வாய் திறந்து "ஆமென்" என்கிறது. எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. அந்த ஜெபத்தில் என்னென்ன கேட்கப்பட்டது என்று யாராவது திருப்பிக் கேட்டால் பாதிக்கும் பதில் இருக்காது. ஆனாலும் ஆமென் சொல்லியாயிற்று.

வேதாகமத்தில் இந்தச் சொல் வருகிற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியபோதுதான் அந்தப் பழக்கம் எனக்கு உறுத்தியது. ஆமெனை ஜெபத்தின் கடைசி வார்த்தையாக, ஒரு முற்றுப்புள்ளி மாதிரி நாம் புழங்குகிறோம். ஆனால் அது பிறந்த இடத்தில் ஜெபித்தவருக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. அது கேட்டவருடைய சொல். ஒருவர் பேசி முடித்ததும், இன்னொருவர் தன் பங்குக்கு வாய் திறந்து, 'இதில் நானும் இருக்கிறேன்' என்று தன்னைக் கட்டிக்கொள்கிற சொல்.

முதலில் வேரைப் பார்ப்போம். ஆமென் எபிரெயச் சொல். ஆலெஃப், மேம், நூன் என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்த வேரிலிருந்து வருகிறது. அந்த வேருக்கு உறுதியாக இருப்பது, அசையாமல் நிற்பது, நம்பிச் சாயத் தக்கதாக இருப்பது என்று பொருள். எபிரெயம் இந்த மூன்று எழுத்துகளை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். விசுவாசத்துக்கு 'எமுனா', சத்தியத்துக்கு 'எமெத்', உண்மையுள்ளவனுக்கு 'நெஎமான்'. ஆபிரகாம் கர்த்தரை 'விசுவாசித்தான்' என்று ஆதியாகமம் 15:6 சொல்லும்போது வருகிற வினைச்சொல்லும் இந்த வேர்தான். 'ஆமென்' என்று காதில் விழும் இடத்திலெல்லாம் ஓர் எபிரெயருக்கு இந்தக் குடும்பம் முழுவதும் கூடவே கேட்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் யாத்திராகமம் 17. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மோசே மலையுச்சியில் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கை உயர்ந்திருந்தால் இஸ்ரவேலர் ஜெயிக்கிறார்கள், தாழ்ந்தால் தோற்கிறார்கள். வயதான மனிதர், எவ்வளவு நேரம் தூக்கியிருக்க முடியும்? ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைக்கிறார்கள். ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் இன்னொரு பக்கமும் நின்று கைகளைத் தாங்கிக்கொள்கிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அந்தக் கைகள் 'எமுனா'வாக இருந்தன என்கிறது எபிரெயம். பிற்பாடு விசுவாசத்துக்கு வழங்குகிற அதே சொல், இங்கே நடுங்காத இரண்டு கைகளுக்கு. தமிழ் மொழிபெயர்ப்பு, கைகள் 'ஒரே நிலையாய்' இருந்ததாகச் சொல்கிறது. அந்த நிலை மோசேயின் சொந்தப் பலம் அல்ல, பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கொடுத்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

'நிலை' என்ற தமிழ்ச் சொல்லை வேண்டுமென்றே இங்கே நிறுத்திச் சொல்கிறேன். அசீரியா ராஜாவுக்குக் கப்பம் கட்ட யூதா ராஜா எசேக்கியா தேவாலயத்தின் கதவுகளிலும் நிலைகளிலும் இருந்த பொன்தகட்டைக் கழற்றினான் என்று 2 இராஜாக்கள் 18:16-இல் படிக்கிறோம். கதவைத் தாங்கும் அந்த 'நிலைகள்' எபிரெயத்தில் 'ஓம்னோத்', அதே மூன்று எழுத்துகள். நம் மொழியிலும் கதவைத் தாங்குவது நிலைக்கால். உறுதியாக இருப்பது நிலைத்தல். நிலையான மனிதர் நம்பத் தகுந்தவர். இரண்டு மொழிகளுக்கும் ஒட்டுறவு எதுவும் இல்லை. வீடு கட்டி வாழ்ந்த மனிதர்கள் உறுதி என்பதை எங்கே பார்த்தார்களோ அங்கிருந்தே சொல்லை எடுத்திருக்கிறார்கள். ஏசாயா 7:9-இல் ஒரு சொல் விளையாட்டு உண்டு. "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்" என்று தமிழில் இரண்டு வெவ்வேறு சொற்களாகப் படிக்கிறோம். எபிரெயத்தில் விசுவாசிப்பதும் நிலைபெறுவதும் ஒரே வேரின் இரண்டு வடிவங்கள். காதுக்கு எதுகை போல ஒலிக்கும்.

இதே எழுத்துகள் குழந்தையைத் தூக்கி வளர்ப்பவருக்கும் வருகின்றன. ரூத்தின் குழந்தையை நகோமி எடுத்து மடியில் வைத்து வளர்க்கும் தாயானாள் என்கிற இடத்தில் அவள் 'ஓமெனெத்'. கைக்குழந்தை எந்த யோசனையும் இல்லாமல் முழு எடையையும் போட்டுச் சாய்கிற மடி அது. ஆமென் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அகராதிப் பொருளைவிட இந்தக் காட்சியைத்தான் நான் முதலில் சொல்வேன்.

வேர் இவ்வளவு தெளிவாக இருந்தும், இந்தச் சொல்லைப் பற்றிச் சுற்றிவருகிற சில கதைகள் ஓய்வதில்லை. எகிப்தின் 'ஆமுன்' தெய்வத்தின் பெயரைத்தான் கிறிஸ்தவர்கள் தெரியாமல் உச்சரிக்கிறார்கள் என்பது ஒன்று. அந்த எகிப்தியப் பெயருக்கு 'மறைந்திருப்பவர்' என்று பொருள். உறுதி என்கிற பொருளோடு அதற்குத் தொடர்பில்லை. எபிரெயம் இந்தச் சொல்லைக் கடன் வாங்கவேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் அதன் சகோதர மொழிகளிலெல்லாம் இதே வேர் இதே பொருளில் இருக்கிறது. அரபியில் 'ஈமான்' என்றால் நம்பிக்கை, நம்பி ஒப்படைத்த பொருள் 'அமானிதம்', நம்பத் தகுந்தவர் 'அமீன்'. நீதிமன்ற 'அமீனா' என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லும் இந்த வழியாக வந்ததுதான். இஸ்லாமியர்கள் தொழுகையில் சொல்கிற 'ஆமீன்' நம் ஆமெனின் உடன்பிறப்பு.

'ஓம்' தான் ஆமென் ஆயிற்று என்பதும் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பிய பேச்சு. 2021 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடங்கிவைத்த ஜெபத்தின் முடிவில், ஆமெனில் உள்ள 'மென்' ஆங்கிலத்தில் ஆண்களைக் குறிப்பதுபோல் எடுத்துக்கொண்டு பெண்களுக்கும் ஒரு சொல் சேர்க்கப்பட்டது. எபிரெயச் சொல்லுக்குள் அந்த ஆங்கிலச் சொல் இல்லை.

நமக்கென்று ஒரு மயக்கமும் உண்டு. 'ஆம் என்' என்று பிரித்தால் 'ஆம் என்று சொல்' என்ற அழகான தமிழ் வாக்கியம் கிடைத்துவிடுகிறது. பொருளும் பொருந்துகிறது. பிரசங்கத்தில் இதைக் கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடித்துப்போகும். ஆனால் இது தற்செயல். நம் 'ஆம்' என்பது 'ஆகும்' என்பதன் குறுக்கம், 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்தது. ஆமென் வந்த வழி வேறு. இருந்தாலும் இதில் ரசிக்க ஒன்று இருக்கிறது. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த யூத அறிஞர்கள், உபாகமம், சங்கீதம் முதலிய புத்தகங்களில் ஆமென் வரும்போது 'கெனொய்தோ' என்று எழுதினார்கள். 'ஆகட்டும்', 'ஆகுக' என்று அர்த்தம். நம் 'ஆம்' பிறந்த 'ஆகு' என்ற வினையின் பொருளை வைத்தே அவர்களும் ஆமெனைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, இந்தச் சொல்லை யார், எப்போது சொன்னார்கள்? வேதாகமத்தில் ஆமென் முதன்முதலாக வருகிற இடம் ஆராதனை அல்ல, ஜெபமும் அல்ல. எண்ணாகமம் 5-இல், புருஷனின் சந்தேகத்துக்கு ஆளான ஒரு பெண் ஆசாரியனுக்கு முன்னால் நிறுத்தப்படுகிறாள். ஆசாரியன் சாப வார்த்தைகளைச் சொல்ல, அவள் "ஆமென், ஆமென்" என்று சொல்லவேண்டும். நான் குற்றம் செய்திருந்தால் நீர் சொன்னது என்மேல் வரட்டும் என்று அந்த ஆணையை அவள் தன்மேல் ஏற்றுக்கொள்கிறாள். படிக்க மனதுக்குக் கஷ்டமான பகுதி. ஆனால் ஆமெனின் எடை எவ்வளவு என்று இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற இடம் இல்லை.

உபாகமம் 27-இலும் அதேதான். ஆறு கோத்திரங்கள் கெரிசீம் மலையிலும் ஆறு கோத்திரங்கள் ஏபால் மலையிலும் நிற்க, லேவியர் உரத்த சத்தமாய்ப் பன்னிரண்டு சாபங்களைச் சொல்கிறார்கள். பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன், குருடனை வழிதப்பச் செய்கிறவன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை இவர்களின் நியாயத்தைப் புரட்டுகிறவன் என்று ஒவ்வொன்றாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்லவேண்டும். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒருவரும் பார்க்காத நேரத்தில் செய்யக்கூடிய குற்றங்கள் இவை. இரவில் வரப்புக் கல்லை நகர்த்தினால் யார் கண்டார்கள்? அந்த இடத்தில்தான் பகலில், எல்லோர் முன்னாலும், நீயே ஆமென் சொல்லியிருக்கிறாய் என்று நியாயப்பிரமாணம் ஞாபகப்படுத்துகிறது.

நெகேமியா 5-ஆம் அதிகாரம் எனக்கு இன்னும் நெருக்கமானது. பஞ்ச காலத்தில் ஏழை யூதர்கள் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளை அடிமையாக விடுகிற நிலை. கடன் கொடுத்தவர்களும் சொந்த ஜனம்தான். நெகேமியா கோபத்தோடு அவர்களைக் கூட்டி, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். கொடுக்கிறோம் என்கிறார்கள். அவர் அந்த வாய்ப்பேச்சோடு விடுவதில்லை. ஆசாரியரை வரவழைத்து ஆணையிட வைத்து, தன் வஸ்திரத்தின் மடிப்பை எல்லோர் முன்னாலும் உதறுகிறார். இந்த வார்த்தையை நிறைவேற்றாதவனை தேவன் இப்படி உதறிப்போடட்டும் என்கிறார். சபையார் எல்லாரும் ஆமென் என்கிறார்கள். அடுத்த வரியிலேயே, ஜனங்கள் அந்த வார்த்தையின்படி செய்தார்கள் என்று எழுதியிருக்கிறது. நிலமும் வீடும் கைமாறுகிற இடத்தில் சொல்லப்பட்ட ஆமென் அது, சொன்னவர்களுக்குப் பணம் செலவாயிற்று.

வேதாகமத்துக்கு வெளியிலும் இந்தச் சொல் கிடைத்திருக்கிறது. 1960-இல் இஸ்ரேலின் மத்தியதரைக் கடலோரத்தில், யவ்னே-யாம் என்ற இடத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு பழைய கோட்டையைத் தோண்டியபோது, மையால் எழுதிய மட்பாண்டத் துண்டு ஒன்று உடைந்த நிலையில் கிடைத்தது. யோசெஃப் நவே என்ற ஆய்வாளர் அதைப் படித்து வெளியிட்டார். கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. உமது அடியான் அறுத்தான், முடித்தான், சேர்த்துவைத்தான், அப்புறம் ஓஷாயாகு என்பவன் வந்து என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். வேலையை முடிக்கவில்லை என்று அவன்மேல் குற்றம் சுமத்தியிருக்கிறார்கள் போலத் தெரிகிறது. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் சூரியன் அஸ்தமிக்குமுன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று யாத்திராகமம் சொல்லும் சட்டம் இங்கே ஞாபகம் வராமல் இருக்காது.

அந்த மனுவின் நடுவில், வெயிலில் என்னோடு அறுத்த என் சகோதரர் எல்லாரும் எனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்கிறான். உடனே 'ஆமென்' என்ற சொல் வருகிறது. அதற்கடுத்து, நான் குற்றமற்றவன் என்கிறான். இந்த ஆமெனை முன்வரியோடும் சேர்த்துப் படிக்கலாம், பின்வரியோடும் சேர்த்துப் படிக்கலாம். முன்வரியோடு சேர்த்தால், கூட அறுத்தவர்கள் எனக்காக ஆமென் சொல்வார்கள் என்றாகும். பின்வரியோடு சேர்த்தால், மெய்யாகவே நான் குற்றமற்றவன் என்றாகும். எனக்கு முதல் வாசிப்பின்மேல்தான் மனம் போகிறது. வஸ்திரத்தைப் பறிகொடுத்து நிற்கிற ஒரு கூலியாளுக்கு, பக்கத்து வரிசையில் அரிவாள் பிடித்தவர்கள் சொல்லப்போகிற ஒரு ஆமெனைத் தவிர வேறு பலம் இல்லை. ஆனாலும் இரண்டாம் வாசிப்பையும் ஒதுக்க முடியாது. அது ஏன் முக்கியம் என்பது இயேசுவிடம் வரும்போது தெரியும்.

ஆமென் சொல்லிவிட்டால் அது நடந்தே தீரும் என்ற எண்ணத்துக்கு எரேமியா 28 நல்ல பதில். பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்துபோகும், இரண்டு வருஷத்தில் ஆலயத்துப் பணிமுட்டுகள் எல்லாம் திரும்பி வரும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லோர் முன்பாகவும் சொல்கிறான். பாபிலோனுக்கு அடிபணியவேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் மரநுகத்தைச் சுமந்துகொண்டு நிற்கிற எரேமியாவின் பதில், "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக". இது கேலி என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தன் ஜனம் திரும்பி வரவேண்டும் என்று எரேமியாவைவிட ஏங்கியவர் யார்? அது உண்மையாக இருக்கக் கூடாதா என்ற ஆசை அந்த ஆமெனில் இருக்கிறது. ஆனால் அதற்கப்புறம் அவர், சமாதானம் வரும் என்று சொல்கிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினார் என்று விளங்கும் என்கிறார். அனனியா அந்த மரநுகத்தை உடைத்தான். அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்ற வார்த்தை எரேமியாவுக்கு உண்டாயிற்று. ஆமென் சொன்ன வாயாலேயே அவர் அதையும் சொல்லவேண்டியிருந்தது.

யூத வழிபாட்டில் இந்தச் சொல்லை எவ்வளவு கவனமாகக் கையாண்டார்கள் என்பது, ரபீக்கள் எனப்படும் யூத போதகர்களின் போதனைத் தொகுப்பான தல்மூதைப் பார்த்தால் தெரியும். ஸ்தோத்திரம் சொல்கிறவரைவிட ஆமென் சொல்கிறவர் பெரியவர் என்று ஒரு ரபீ சொல்கிறார். பொதுவாக, ஒருவர் தானே சொன்ன ஸ்தோத்திரத்துக்குத் தானே ஆமென் சொல்வது வழக்கமில்லை, அது கேட்பவருக்கு உரியது. மூன்று விதமான ஆமெனைச் சொல்லக்கூடாது என்றும் விதி உண்டு. ஸ்தோத்திரம் முடியுமுன் அவசரப்பட்டுப் பறித்துக்கொண்ட ஆமென். கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுச் சொல்கிற அறுந்த ஆமென். மூன்றாவது, 'அனாதை ஆமென்'. எந்த ஸ்தோத்திரத்துக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமலே, எல்லோரும் சொல்கிறார்களே என்று சொல்வது. தகப்பன் யாரென்று தெரியாத ஆமென்! இந்த மூன்றாவதைப் படித்த அன்று வெகுநேரம் புத்தகத்தைப் பக்கம் திருப்பாமல் வைத்திருந்தேன்.

அலெக்சாந்திரியாவில் இருந்த மாபெரும் ஜெபாலயத்தைப் பற்றியும் தல்மூதில் ஒரு செய்தி இருக்கிறது. முன்னால் நிற்பவரின் குரல் பின்னால் இருப்பவர்களுக்கு எட்டாத அளவு பெரிய கட்டடம். நடுவில் மரமேடையில் ஒருவர் கையில் துணியோடு நிற்பார். ஆமென் சொல்லவேண்டிய இடம் வந்ததும் துணியை வீசுவார், ஜனம் எல்லாம் ஆமென் என்னும். காதில் விழாத ஜெபத்துக்குக்கூட தங்கள் ஆமென் சேரவேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் இயேசு செய்தது எவ்வளவு புதிது என்று புரியும். எல்லோரும் அடுத்தவர் பேச்சுக்குப் பின்னால் சொன்ன ஆமெனை, அவர் தன் பேச்சுக்கு முன்னால் வைத்தார். "ஆமென், நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்பதுதான் கிரேக்க மூலத்தில் இருப்பது. நான்கு சுவிசேஷங்களிலும் இது வருகிறது. யோவானில் எப்போதும் இரட்டையாக, "ஆமென், ஆமென்" என்று 25 இடங்களில். தீர்க்கதரிசிகள் 'கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்' என்று தொடங்குவார்கள், ரபீக்கள் தங்களுக்கு முந்தின ரபீயின் பெயரைச் சொல்லித் தொடங்குவார்கள். இவர் தன் சொல்லுக்குத் தானே சாட்சியாக நின்றுகொண்டு தொடங்குகிறார். இது இயேசுவுக்கே உரிய பேச்சுமுறை என்று 20-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் வலியுறுத்தினார். அந்த அறுவடைக்காரனின் மட்பாண்டத் துண்டில் இரண்டாவது வாசிப்பு சரியென்றால், வாக்கியத்தின் தொடக்கத்தில் ஆமென் சொல்வதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருந்திருக்கிறது என்றாகும். அப்படியே இருந்தாலும், குற்றமற்றவன் என்று கெஞ்சுகிற ஒருவனின் ஆமெனுக்கும், "நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று சேர்ந்து வருகிற ஆமெனுக்கும் உள்ள தூரம் பெரியது.

தமிழில் வேதம் வாசிக்கிற நமக்கு இது கண்ணில் படுவதே இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் அது "மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று வருகிறது. பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "உறுதியாக உங்களுக்குச் சொல்கிறேன்". வேரின் பொருளுக்கு 'உறுதி' இன்னும் நெருங்கிவருகிறது. ஆனால் இரண்டிலும் 'ஆமென்' மறைந்துவிட்டது. அதைவிட, இடமே மாறிவிடுகிறது. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய குற்றவாளிக்கு இயேசு சொன்னதைக் கிரேக்கத்தில் வாசித்தால் முதல் சொல்லே ஆமென். தமிழில், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று, மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்". நம் வாக்கிய அமைப்புக்கு அதுதான் இயல்பு, மொழிபெயர்த்தவர்கள்மேல் தவறு இல்லை. இருந்தாலும் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிற ஒருவர் வாக்குறுதிக்கு முன்பாகவே ஆமென் சொல்லிவிட்டார் என்பது தமிழில் காதில் விழுவதில்லை.

லூக்கா யூதர் அல்லாதவர்களையும் மனதில் வைத்து எழுதியவர். அவரே இந்தச் சொல்லைக் குறைத்துத்தான் பயன்படுத்துகிறார், 6 இடங்களில். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றி இயேசு சொன்னதை மாற்கு "ஆமென்" என்று தொடங்கினால், லூக்கா "உண்மையாகவே" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் எழுதுகிறார். தமிழில் இரண்டு இடத்திலும் ஒரே "மெய்யாகவே" தான்.

சபை என்னவோ ஆமெனை மொழிபெயர்க்காமலே வைத்துக்கொண்டது. மொழிபெயர்க்கத் தெரியாமல் அல்ல. ரோம அரசனுக்குச் சுமார் கி.பி. 155-இல் கிறிஸ்தவர்களுக்காக எழுதிய ஜஸ்டின் மார்ட்டர் என்ற கிறிஸ்தவ அறிஞர், நன்றி ஜெபம் முடிந்ததும் கூடியிருக்கும் ஜனம் எல்லாம் ஆமென் சொல்லித் தங்கள் சம்மதத்தைத் தெரிவிக்கும் என்று விவரித்து, எபிரெயத்தில் இதற்கு 'ஆகட்டும்' என்று பொருள் என்றும் விளக்கியிருக்கிறார். மொழிபெயர்க்க முடியும் என்றாலும் அதன் புனிதத்துக்காக அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று பிற்காலத்துச் சபைத் தலைவர் அகுஸ்தீன் எழுதுகிறார். எகிப்தில் கிடைத்த பழைய கிறிஸ்தவ பாப்பிரஸ் (நாணல் தாள்) கடிதங்களில் ஆமென் வெறும் எண் வடிவத்திலும் இருக்கிறது. கிரேக்க எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ஆமெனைக் கூட்டினால் 1, 40, 8, 50 என்று 99 வரும். கடிதத்தின் முடிவில் 99 என்று எழுதினாலே ஆமென் என்று பொருள்.

கிரேக்கத்தின் அந்த மூன்றாவது எழுத்தைப் பிற்காலத்தில் 'ஈ' என்று உச்சரிக்கத் தொடங்கியதால் கீழைச் சபைகளில் 'ஆமீன்' என்று ஒலிக்கிறது. எபிரெயத்தில் 'ஆமேன்', நெடில். நாம் 'மெ' என்று குறிலாக்கிக்கொண்டோம்.

ஆமென் சாதாரண ஜனத்தின் கையில் இருக்கவேண்டும் என்பதில் பவுல் மிகவும் பிடிவாதமாக இருந்தார். கொரிந்து சபையில் புரியாத பாஷையில் ஜெபிக்கிறவர்களைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று தெரியாதபோது, பக்கத்தில் இருக்கிற எளியவன் எப்படி ஆமென் சொல்வான் என்று கேட்கிறார். ஜெபம் நன்றாக இருந்தது, ஆனால் மற்றவனுக்கு அதில் பங்கு இல்லை என்பது அவர் குறை. அவரைப் பொறுத்தவரை புரியாமல் சொல்லப்படும் ஆமென் ஆமெனே இல்லை. ரபீக்களின் அனாதை ஆமெனும் இதுவும் ஒரே கவலைதான். இந்தக் கவலை நெடுங்காலம் உயிரோடு இருந்திருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரோமாபுரி ஆலயங்களில் ஜனங்களின் ஆமென் வானத்து இடிபோல முழங்குகிறது என்று, வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் எழுதுகிறார். கூரையைத் தொடும்படி ஆமென் சொன்னவர்கள் முணுமுணுத்திருக்க மாட்டார்கள்.

நற்கருணை வாங்க வந்தவர்களுக்கு அகுஸ்தீன் செய்த ஒரு பிரசங்கம் இருக்கிறது. 'கிறிஸ்துவின் சரீரம்' என்று சொல்லி அப்பத்தை நீட்டுகிறார்கள், நீ 'ஆமென்' என்கிறாய். உன் ஆமென் உண்மையாக இருக்கும்படி நீயும் அந்தச் சரீரத்தின் ஓர் உறுப்பாக இரு என்கிறார். சந்தேகத்துக்கு ஆளான அந்தப் பெண், ஆசாரியனுக்கு முன்னால் சொன்னபோதும், கடன் கொடுத்தவர்கள் நெகேமியாவுக்கு முன்னால் சொன்னபோதும் இருந்த அதே எடை இதிலும் இருக்கிறது. சொன்னவரைச் சும்மா விடாத சொல்.

இன்று நாம் சொல்கிற பரமண்டல ஜெபத்தின் முடிவில் உள்ள "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்... ஆமென்" என்ற பகுதி மத்தேயுவின் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களின் கடைசியில் வரும் ஆமென்களிலும் பல, பிரதி எடுத்தவர்கள் சேர்த்தவை. இதைக் கேட்டுச் சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். வாசித்து எழுதி முடித்த ஒரு மனிதர், விளக்கு வெளிச்சத்தில், கேட்டவர் என்ற முறையில் தன் ஆமெனை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சொல்லின் இலக்கணப்படி அதுதான் சரி.

2 கொரிந்தியர் 1:20-இல் பவுல், தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் "ஆம் என்றும்", அவருக்குள் "ஆமென் என்றும்" இருக்கிறது என்கிறார். தமிழில் வாசிக்கும்போது ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னதுபோல் இருக்கும். மூலத்தில் முதலாவது 'நை' என்ற கிரேக்கச் சொல், இரண்டாவது எபிரெய ஆமென். ஆம் என்பது தேவன் கிறிஸ்துவில் சொன்னது. ஆமென் நாம் திருப்பிச் சொல்வது.

இதே இரண்டு சொற்களும் வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு தரம் சந்திக்கின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 3:14-இல் இயேசுவுக்கே "ஆமென் என்பவர்" என்று பெயர் இருக்கிறது. அவர் 22:20-இல் கடைசியாகப் பேசும்போது, "மெய்யாகவே நான் சீக்கிரமாய் வருகிறேன்" என்கிறார். சுவிசேஷங்களில் "மெய்யாகவே" என்று படித்த பெரும்பாலான இடங்களில் மூலத்தில் ஆமென் இருந்ததால், இங்கேயும் அதுதான் என்று நினைப்போம். ஆனால் இங்கே அவர் சொல்வது 'நை', ஆம். ஆமெனை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்வது அடுத்த குரல், யோவானும் அவரோடு காத்திருக்கிற சபையும்: "ஆமென், கர்த்தராகிய இயேசுவே, வாரும்."